கொல்லன் பட்டறைக்கு வந்த ஏவூர்தி

(தருமபுரி மாவட்டத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



போன ஏவூர்தி திரும்பி வந்து மீண்டும் பறக்கும் புதுமையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அதன் பொறியியலை விரித்துரைக்க அறிவியலாசிரியர் உளர். தமிழாசிரியனாகிய நான் கூற விரும்புவது வேறு. வியப்பாகத் தோன்றிய ஒரு பொருள் எவ்வாறு நாள்தோறும் புழங்கும் வழக்கப் பொருளாகிறது? அவ்வாறு ஆகாமல் இடையிலே அழிந்துபோவது எதனால்? இவ்விரண்டிற்கும் விடை தேடி அமெரிக்காவுக்குப் போகுமுன் நம் தகடூரிலேயே சற்று நின்று பார்ப்போம்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதனை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனைப் பாடிய ஔவையார், புறநானூற்றின் 99ஆம் பாட்டில் அவன் முன்னோரின் பெருஞ்செயல்களைச் சொல்லி வருகையில், இந்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டு வந்ததையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறார். எண்ணிப் பாருங்கள், கரும்பு! ஒரு பயிரைக் கொண்டு வந்து ஊன்றியது, அரசர் குடியின் பெருமையாகப் பாடத்தக்க செயலாக இருந்திருக்கிறது. இன்று பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுக் கரும்பாலைகள் உள்ளன. அரைவைக் காலத்தில் ஆலை வாயிலில் வண்டிகள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். கரும்பைக் கண்டு வியப்பார் அங்கு ஒருவரும் இலர். எடை என்ன, வெட்டுக்கூலி என்ன, நிலுவை எப்போது வரும் என்பனவே பேச்சு. வியப்பு எடைமேடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு புதுமை முழுவெற்றி பெற்றதற்கு இதனினும் வேறு சான்று எதற்கு?

இரும்பும் அத்தகையதே. மயிலாடும்பாறை என்னும் ஊர், 2004ஆம் ஆண்டு கிருட்டிணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை நம் மாவட்டத்தினுள் இருந்தது. அங்கு அகழ்ந்தெடுத்தவற்றின் காலத்தைக் கணித்ததில் கி.மு. 2172 அளவிலேயே இரும்பு வழக்கில் இருந்தது தெரிய வருவதாக 2022 மேத் திங்களில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. 2025 சனவரியில் வெளிவந்த அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்கு அதனினும் முற்பட்ட காலத்தைக் கூறியது. இவ்வாண்டுகளை மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறுவது எளிது, நானும் பெற்றிருக்கிறேன். ஆயினும், அவ்விரும்பு அதன்பின் என்ன ஆயிற்று என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது கொழுவாயிற்று; களைக்கொட்டாயிற்று; அரிவாளாயிற்று; மாட்டுக் குளம்புக்கு இலாடமாயிற்று. சந்தையில் பேரம் பேசி வாங்கும் பொருளாயிற்று. அப்போதுதான் அது நம்முடையதாயிற்று என்பேன்.

இவ்விடத்தில் ஔவையாரின் இன்னொரு பாட்டு நினைவுக்கு வருகிறது. அது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இங்குள்ளோரில் பாதிப்பேர் அதனைப் பள்ளியிற் படித்திருப்பீர்கள். அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் செல்கிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் அடுக்கி வைத்த வேல்கள் அங்கே பளபளக்கின்றன. அவற்றைப் புகழ்வார் போல் புகழ்ந்துவிட்டு, எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லனுடைய சிறு கொட்டிலிலேயே கிடக்கின்றன என்கிறார் அவர். பழிப்பது போலப் புகழ்ந்த அம்மொழியின் நயத்தை வகுப்பில் முப்பது ஆண்டாகச் சொல்லி வருகிறேன். அதனுள் ஒரு தொழில்நுட்பக் கொள்கை உறங்குவதை, ஏவூர்திகளைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன். மாளிகையில் இருக்கும் கருவி இன்னும் வியப்புப் பொருள். பட்டறைக்குப் போய்ப் போய் வரும் கருவியே வழக்கப் பொருள்.

இனி விண்ணுக்குப் போவோம்.

ஏவூர்தி என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல கட்டங்களைக் கொண்டது. அடியிலுள்ள முதற்கட்டமே மிகப் பெரியது. விலையிலும் பெரும்பங்கு அதற்கே. அது செய்யும் வேலையோ மூன்று நிமையத்துக்கும் குறைவு. மேற்கட்டத்தைத் தூக்கி எறிந்ததும் தான் கடலில் வீழ்ந்து அழிந்துவிடும். அறுபது ஆண்டுக்கு மேலாக உலகம் இவ்வாறே செய்து வந்தது. தருமபுரியிலிருந்து சென்னைக்குப் போன பேருந்தை அங்கேயே கடலில் தள்ளிவிட்டு, அடுத்த செலவுக்குப் புதுப் பேருந்து கட்டுவதாயின் சீட்டின் விலை என்னவாகும்? விண்வெளி எளியோர்க்கு எட்டாமற் போனதன் காரணங்களுள் தலையாயது இதுதான்.

இதனை மாற்ற அமெரிக்கர் முதலிற் செய்தது விண்ணோடம். 1981 ஏப்பிரல் 12ஆம் நாள் முதன்முறை பறந்தது. 2011 வரை 135 முறை பறந்தது. சிறகுடன் போய்ச் சிறகுடன் திரும்பி ஓடுபாதையில் இறங்கும். ஆண்டுக்கு ஐம்பது முறையளவு பறக்கும் என்று தொடக்கத்தில் கணக்கிட்டனர். மிகுதியாகப் பறந்த 1985ஆம் ஆண்டிலும் ஒன்பது முறைதான் பறந்தது. வெப்பம் தாங்க அதன் உடலில் ஒட்டியிருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகளை ஒவ்வொரு முறையும் பார்த்துச் செப்பம் செய்ய வேண்டியிருந்தது. பெருந் தொட்டியோ ஒவ்வொரு முறையும் எறியப்பட்டது. பீலி சூட்டிய வேல் அது, அழகுக்குக் குறைவில்லை.

நான்காம் பறப்பு முடிந்து 1982 சூலை 4ஆம் நாள் அது தரையிறங்கியபோது, இனி ஆய்வு முடிந்தது, வழக்கப் பணி தொடங்கிற்று என்னும் பொருள்பட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இரீகன் அறிவித்தார். நான்கே பறப்பு! வழக்கம் என்பது அரசாணையால் வருவதா? ஊர்ப்பாதை கூட நடந்து நடந்தே தேய்ந்து பாதையாகிறது.

அவ்வறிவிப்பின் விளைவை ஓர் ஆசிரியன் என்ற முறையில் நெஞ்சு கனக்காமல் என்னாற் சொல்ல முடியவில்லை. விண்ணோடம் பேருந்து போல் ஆகிவிட்டது என்று காட்ட, ஒரு பள்ளி ஆசிரியரை அதில் அனுப்ப முடிவு செய்தனர். பதினோராயிரம் ஆசிரியருக்கு மேல் விண்ணப்பித்தனர். நியூ ஆம்ப்சயர் மாநிலத்துக் காங்கார்டு நகரில் குமுகவியல் கற்பித்த கிறித்தா மெக்காலிப் என்னும் அம்மையார் தேர்வானார். விண்ணிலிருந்து பாடம் நடத்துவதாகத் திட்டம். 1986 சனவரி 28ஆம் நாள் கடுங்குளிர். புறப்பட்ட 73ஆம் நொடியில் 'சேலஞ்சர்' சிதறியது. எழுவரும் மாண்டனர். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைகளில் தொலைக்காட்சி முன் அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் ஒரு தொய்வை வளையம். திண்மஎரிபொருட் குழலின் மூட்டை அடைத்திருந்த அவ்வளையம் குளிரில் விறைத்துத் தன் நெகிழ்ச்சியை இழந்தது; வெந்தீ வெளியே கசிந்தது. முந்தைய பறப்புகளிலேயே அவ்வளையம் அரிக்கப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். "முன்பும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிட்டார்கள். முந்தைய இரவு பொறிஞர் சிலர் தடுத்தும் பயனில்லை. 2003 பிப்பிரவரி 1ஆம் நாள் 'கொலம்பியா' அழிந்த கதையும் இதுவே. தொட்டியின் நுரைப்பூச்சு பெயர்ந்து விழுவது பழகிப் போயிருந்தது. ஒரு நாள் அது இறக்கையின் முகப்பைத் துளைத்தது. மேலும் எழுவர் மாண்டனர்.

அன்பர்களே, இங்கு இரண்டு வகை வழக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொழில் வழக்கமாவது ஒன்று. குறை வழக்கமாவது மற்றொன்று. முன்னது வாழ்விக்கும், பின்னது கொல்லும். நல்ல கொல்லன் ஆயிரமாவது அரிவாளையும் முதல் அரிவாளைப் போலவே கண்ணருகே உயர்த்தி ஒரு கண்ணை மூடி அதன் வாயைப் பார்ப்பான். அவனுக்குத் தொழில் பழகிவிட்டது, குறை பழகவில்லை.

இப்போது 'பால்கன் 9' என்னும் ஏவூர்தியைப் பாருங்கள். 'இசுபேசு-எக்சு' என்னும் தனியார் நிறுவனம் செய்தது. இதன் முதற்கட்டத்துக்குச் சிறகு கிடையாது. மேற்கட்டத்தை விடுத்தபின் தலைகீழாய் வீழாமல் திருப்பிக்கொண்டு, மீதம் வைத்திருந்த எரிபொருளால் பொறிகளை மீண்டும் மூட்டி, விரைவைத் தணித்து, கால்களை விரித்து நிமிர்ந்த நிலையில் நிற்கும். திரும்பி வருவதற்கும் எரிபொருள் சுமக்க வேண்டுமாதலின் ஏற்றிச் செல்லும் சுமை குறையும். சந்தைக்குப் போகும் வண்டிக்காரன், வருவழிக்கும் சேர்த்து வைக்கோல் ஏற்றிக்கொள்வதால் மூட்டை ஒன்று குறைவாக ஏற்றுவது போன்றது. அக்குறைவைப் பொறுத்துக்கொண்டால் வண்டி மிச்சம்.

தொடக்கத்தில் சில கடலில் வீழ்ந்தன. சில மிதவை மேடையில் மோதி வெடித்தன. 2015 திசம்பர் 21ஆம் நாள் முதன்முறையாக ஒன்று தரையில் வந்து நின்றது. உலகமே கூவியது. ஆனால் என் கணக்கில் பெருநாள் அதுவன்று. ஒருமுறை பறந்து வந்த கட்டம் மீண்டும் பறந்த 2017 மார்ச்சு 30ஆம் நாளே பெருநாள். அதன்பின் ஒரே முதற்கட்டம் பத்து முறை, இருபது முறை என்று பறந்து, 2025இல் முப்பதையும் கடந்தது. இறங்கிய ஒன்பதாம் நாளே மீண்டும் பறந்த கட்டமும் உண்டு. 2024ஆம் ஆண்டு மட்டும் 130 தடவைக்கு மேல் இவ்வகை ஏவூர்தி விண்ணேறியது. இன்று யாரும் கூவுவதில்லை. திரும்பி வந்த கட்டத்தின் படங்களைப் பாருங்கள்: வெண்ணிற உடல் முழுதும் கரி. அக்கரியோடே மறுபடியும் ஏவுகிறார்கள். கொல்லன் கொட்டிலிலிருந்து வந்த வேல்!

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். ஏவூர்தி இம்மண்ணுக்குப் புதிதன்று. கோயில் திருவிழாவில் வாணம் விடாத ஊர் எது? அவ்வாணத்தைப் போர்க்கருவியாக வளர்த்தவர்கள் மைசூரை ஆண்ட ஐதர் அலியும் திப்பு சுல்தானும். நம் பகுதி அன்று பாரா மகால் என்ற பெயரில் அவர்கள் ஆட்சியில் இருந்தது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்கள் செய்த மாற்றம் சிறியது போல் தோன்றும். தாளாலோ மூங்கிலாலோ செய்த குழலுக்கு மாறாக, ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழலில் மருந்தை இறுக அடைத்தனர். மூங்கில் வெடித்துவிடும் அழுத்தத்தை இரும்பு தாங்கியது. எனவே சீற்றமும் தொலைவும் மிகுந்தன. 1780 செப்தம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லி என்பவரின் ஆங்கிலப் படை அழிந்த போரில் இவை பாய்ந்தன.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. வாணங்கள் கப்பலேறி இங்கிலாந்தின் உல்விச்சு படைக்கலச் சாலைக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் என்பார் அவற்றை ஆராய்ந்து, குழலின் அளவு, மருந்தின் கலவை, பாயும் தொலைவு ஆகியவற்றை வரையறுத்து, நூலும் எழுதி, வரிசை வரிசையாகச் செய்வித்தார். 1806இல் பிரெஞ்சுக் கடற்கரையிலும் 1807இல் கோப்பனேகனிலும் அவை பொழிந்தன. பின்னாளில், 1960களில், நம் இராமேசுவரத்துப் பிள்ளையாகிய அப்துல் கலாம் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்சு ஏவுதளத்துக்குச் சென்றபோது, அங்கே வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் கண்டார். ஏவூர்திகள் பறக்கும் போர்க்களம். அவற்றை ஏவுவோர் கருநிற மாந்தர். திப்புவின் படை அது. அயல்நாட்டார் சுவரில் மாட்டிப் போற்றியதை நம் நாட்டார் மறந்திருந்ததைக் கண்டு அவர் வியந்து எழுதியிருக்கிறார்.

"வெள்ளையன் நம் அறிவைக் கொண்டு போனான்" என்று சொல்லி அமைந்துவிடுவது நம் மேடைகளின் பழக்கம். அது பாதி உண்மையே. 2018ஆம் ஆண்டு கருநாடகத்துச் சிமோகா மாவட்டத்து நகரா என்னும் ஊரில் ஒரு பழங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணங்களை வெளியே எடுத்தனர். ஆயிரம்! அப்படியாயின் திப்புவின் நாட்டில் அது ஓவியத்துக்குரிய விந்தையாக மட்டும் இருக்கவில்லை; குவியல் குவியலாகச் செய்யும் பட்டறைத் தொழிலாகவே ஆகியிருந்தது. அரசு வீழ்ந்ததும் பட்டறை நின்றது. அங்கே பட்டறை நின்றது, உல்விச்சில் பட்டறை தொடங்கியது. போனது இதுதான்.

இதனினும் ஓசையின்றிப் போனது நம் உருக்காலை. சேலம், தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்களில் மண்ணுலை கட்டி, கரியிட்டு, தோல் துருத்தி ஊதி, இரும்பு எடுத்தவர் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்த மலிவான இரும்பின்முன் அவர் உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. சேலத்துக் கனிமத்தைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய்ப் பேருலையில் உருக்க முயன்ற ஆங்கிலேயரின் ஆலையும் நீடிக்கவில்லை. நம் மாவட்டத்தில் ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் உண்டு. புலியோடு பொருதவனுக்கு உண்டு. கடைசி உலை அவிந்த நாள் எது, அதனை ஊதியவன் யார் என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை. வியப்புப் பொருள் போனால் ஊர் கூடி அழும். வழக்கப் பொருள் போனால் போனதே தெரியாது. எனக்கு இரவில் உறக்கம் கெடுக்கும் எண்ணம் இதுவே.

இன்றைய நிலை என்ன? 2016 மே 23ஆம் நாள் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் சிறகுடைய சிறு ஊர்தி ஒன்றை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி வங்கக் கடலின்மேல் வழுக்கி இறங்கச் செய்தது. அடுத்து, கருநாடகத்துச் சித்திரதுர்க்கா ஆய்வுத் தளத்தில், உலங்கூர்தி ஒன்று நாலரைக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து விடுவித்த ஊர்தி, ஆள் இல்லாமல் தானே வழிகண்டு ஓடுபாதையில் இறங்கியது. 2023 ஏப்பிரல் 2, 2024 மார்ச்சு 22, 2024 சூன் 23 என மூன்று முறை. இறங்கும்போது அதன் விரைவு மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேல். வான்குடை விரிந்து இழுத்த பின்னரே தணியும். இரண்டாம், மூன்றாம் முறைகளில் புது உடல் செய்யவில்லை. முன்பு இறங்கியதன் சிறகுடலையே சரிபார்த்து மறுபடி விட்டார்கள். மூன்று முறையும் நம் நாளிதழ்கள் பாராட்டின. இதனை மட்டும் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு அதுவே தலைப்புச் செய்தி. ('புட்பக்' என்று அதற்கு வடமொழிப் பெயர் சூட்டியதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும்.) முதற்கட்டம் திரும்பி வரும் பேரேவூர்திக்கு 2024 செப்தம்பரில் நடுவணரசு 8,240 கோடி உருபா ஒப்பளித்துள்ளது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ஏவூர்திப் பொறிகளை மூட்டி ஆய்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டக் குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளத்துக்கு 2024 பிப்பிரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தென்திசை நோக்கி நேரே ஏவினாலும் இலங்கையை வளைந்து செல்ல வேண்டாத இடம் அது.

இவை வழக்கமாகும் நாளில் யாருடைய கை அவற்றைத் தொடும்? நம் பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் கடைசல் பொறியின்முன் நிற்கிறார்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகாமல் இரும்பைக் கடைகிறார்கள். திரும்பி வந்த ஏவூர்தியைக் கழற்றி, ஆய்ந்து, பூட்டும் பட்டறையில் வேண்டியது அந்தக் கைதான். அந்தப் பட்டறையில் என்ன மொழி வழங்கும்?

இங்கு நம்மவர்மீதே ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. நாம் ஆயிரக்கணக்கில் சொற்களை ஆக்கினோம். அகரமுதலிகளில் அடுக்கினோம். அவற்றுள் பல தொண்டைமானின் வேல்கள். பீலி சூட்டி, நெய் பூசி, காவலில் இருக்கின்றன. ஒன்றின் நுனியும் முறியவில்லை. கொல்லனிடம் போய்க் கேளுங்கள். உலை, துருத்தி, குறடு, அரம், சம்மட்டி, தோய்ச்சல் - ஒவ்வொன்றும் தேய்ந்து வழவழத்த சொல். எந்தக் குழுவும் கூடி ஆக்கியதன்று. எரிந்த கட்டத்தைச் செப்பம் செய்வதைத் 'தோய்ச்சல் வைத்தல்' என்று ஓர் இளைஞன் பட்டறையிலே சொல்லிவிட்டால், அது நம் நூறு கலைச்சொற்களுக்கு ஈடு.

'மறுபயன்பாட்டு ஏவூர்தி' என்று இப்போது எழுதுகிறோம். பொருள் சரி; ஆனால் பட்டறையில் நிற்பவன் நாளுக்கு நாற்பது தடவை சொல்ல வேண்டிய சொல் இவ்வளவு நீளலாமா? வழக்கப் பொருளுக்குப் பெயர் குறுகியிருக்கும்: கொழு, ஏர், வேல். 'மீளி' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. வீரன் என்று பொருள். வலிமை என்றும் பொருள். மீள்வது மீளி என்று காதுக்கும் உடனே பிடிபடும். ஆநிரை மீட்டவர்க்குக் கல் நட்ட நாட்டில் போய் மீண்ட ஊர்திக்கு அப்பெயர் பொருந்தும் என்று தோன்றுகிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, திரும்பாமல் கடலில் விழுந்துவிட்டால் அதற்கு என்ன பெயர்?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் இன்னும் சொல் இல்லை. உங்களுள் யாரிடமேனும் இருந்தால் வந்து எழுதுங்கள். கரும்பலகை இங்கேயே இருக்கிறது, சுண்ணக்கட்டியும் இருக்கிறது.